திருப்பிக் குத்தாத எதிராளி

குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் சங்கிலியில் தொங்கும் பெரிய குத்துப்பையைப் பார்த்தவுடன், ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அந்தப் பை ஓடி ஒளியாது, திருப்பிக் குத்தாது, எத்தனை குத்துகளையும் வாங்கிக்கொள்ளும். அதனாலேயே அது குத்துச்சண்டை வீரருக்கு இன்றியமையாத கருவியாக விளங்குகிறது. அதே காரணத்தால், கவனமின்றிப் பயன்படுத்துவோரை அது ஏமாற்றியும் விடுகிறது.

குத்துப்பையின் வெளிப்புறம் தோலாலோ செயற்கைத் தோலாலோ ஆனது. உள்ளே துணித்துண்டுகள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். பேச்சுவழக்கில் இதனை 'மணல் மூட்டை' என்று சொல்வோரும் உண்டு. ஆனால், மணலை மட்டும் நிரப்பினால் அது நாளடைவில் அடிப்பகுதியில் இறங்கிக் கல்லைப்போல இறுகிவிடும். அதில் குத்துவது கைக்குக் கேடு. பெரியவர்கள் பயன்படுத்தும் பைகள் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோகிராம் வரை எடை கொண்டவை. குத்துபவரின் எடையில் ஏறக்குறையப் பாதி எடையுள்ள பை பொருத்தமானது என்பது பயிற்றுநர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

பயிற்சியின் முதல் பாடம் கையைப் பாதுகாப்பதாகும். மணிக்கட்டையும் சேர்த்து நம் ஒவ்வொரு கையிலும் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. குத்து கோணலாக விழுந்தால், சுண்டுவிரலுக்கு அடியில் உள்ளங்கைப் பகுதியில் இருக்கும் மெல்லிய எலும்பு முறியக்கூடும். ஆகவே, கையுறை அணிவதற்கு முன் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டையை மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் சுற்றிக் கட்டுவார்கள். கையுறை மோதலின் வேகத்தைத் தணிக்கும். துணிப்பட்டை எலும்புகளைச் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டைத் தாங்கும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று எண்ணிவிடக்கூடாது.

கையை மூடும் விதமும் முக்கியம். கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மறையாமல் வெளியே இருக்க வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகளே பையில் முதலில் பட வேண்டும். அந்த நொடியில் மணிக்கட்டு மடங்காமல், முழங்கையிலிருந்து முட்டிவரை ஒரே நேர்க்கோடாக இருத்தல் வேண்டும்.

குத்தின் வலிமை கையிலிருந்து மட்டும் வருவதன்று. அது காலில் தொடங்குகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, தோள் அகலத்திற்குக் கால்களை அகற்றி நிற்பார். பின்கால் தரையை உந்தும்போது இடுப்பு திரும்புகிறது. இடுப்புடன் தோள் திரும்புகிறது. கடைசியாகக் கை நீள்கிறது. பைக்கு மிக அருகில் நின்றால் இந்த வரிசை குலைந்துவிடும். அப்போது வீரர் பையைக் குத்துவதில்லை, தள்ளுகிறார். இதனைக் கண்டுபிடிப்பது எளிது. தள்ளப்பட்ட பை ஊஞ்சலைப்போல வெகுதூரம் ஆடும். சரியாகக் குத்தப்பட்ட பையோ 'பட்' என்ற ஒலியுடன் அதிர்ந்து நிற்கும்.

குத்து பையில் பட்டவுடன் கை சென்ற வழியே விரைந்து திரும்பி முகத்தைக் காக்க வேண்டும். ஒவ்வொரு குத்தின்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மளமளவெனக் குத்துபவர் விரைவில் களைத்துப்போவார். ஒரு சுற்று 3 நிமிடம், பிறகு 1 நிமிட ஓய்வு என்பது போட்டி முறை. புதியவர்கள் 2 நிமிடச் சுற்றுகளுடன் தொடங்கலாம். முதல் சுற்றில் இடக்கையின் நேர்க்குத்தை மட்டும் பழகலாம். அடுத்த சுற்றில் அதனோடு வலக்கைக் குத்தையும் இணைக்கலாம். மூன்றாம் சுற்றில், குத்திய பிறகு அங்கேயே நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து பழகலாம். பை திருப்பிக் குத்தாதுதான். ஆயினும், குத்தும் என்று எண்ணியே பயிற்சி செய்ய வேண்டும்.

ஏன் அப்படி எண்ண வேண்டும்? 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த போட்டி இதற்கு விடை தருகிறது. அப்போது உலக வெற்றியாளராக இருந்த ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 25. அதுவரை மோதிய 40 போட்டிகளிலும் வென்றவர் அவர். அவருடைய குத்துகளால் பயிற்சிப் பையில் பெரிய பள்ளம் விழுந்ததைக் கண்டு பார்வையாளர்கள் மலைத்தனர். அவரை எதிர்த்த முகம்மது அலிக்கோ வயது 32. அலி மேடைக் கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபோர்மன் பையைக் குத்துவதுபோல ஓயாமல் குத்தினார். பை களைத்தவனைத் தாக்காது, அலி தாக்கினார். எட்டாம் சுற்றில் களைத்துத் தடுமாறிய ஃபோர்மனை அலி வீழ்த்தினார்.

ஃபோர்மனின் கதை அத்துடன் முடியவில்லை. 1994ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், தம் 45ஆம் வயதில், அவர் மைக்கேல் மூரர் என்னும் இளம் வீரரை எதிர்கொண்டார். புள்ளிகளில் பின்தங்கியபோதும் அவர் பதறவில்லை. நேர்க்குத்துகளை விட்டபடி வாய்ப்புக்காகக் காத்திருந்தார். பத்தாம் சுற்றில் வலக்கையால் விட்ட குத்தில் மூரர் சாய்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் இழந்த பட்டம் மீண்டும் ஃபோர்மன் கைக்கு வந்தது. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே, குத்துப்பையின் முன் நிற்பவர் எவ்வளவு பலமாகக் குத்தினோம் என்பதை மட்டும் கணக்கிடக் கூடாது. கடைசிச் சுற்றின் கடைசி நிமிடத்திலும் மணிக்கட்டு நேராக இருந்ததா, மூச்சு சீராக இருந்ததா, கை முகத்திற்குத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். பை இவற்றைச் சுட்டிக்காட்டித் திருத்தாது; குத்துபவர்தாம் கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.