ரெக்கார்டு பொருந்த மறுக்கிறதா?

சி நிரல் எழுதிய ரெக்கார்டை வேறு மொழியில் படிப்பவர்களுக்கு:

1. முதலில் இரு பக்கமும் ரெக்கார்டின் அளவை அச்சிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாதவரை உள்ளே இருக்கும் தரவை ஆராய்வது வீண்.

2. ஒரு சார், அடுத்து ஒரு இன்ட். கூட்டினால் 5 பைட். சைஸ்ஆஃப் பெரும்பாலும் 8 என்று சொல்லும். இன்ட் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் நடுவில் 3 பைட்டைக் காலியாக விடுகிறது. இதுதான் பேடிங். வரிசையை மாற்றி இன்ட்டை முன்னால் வைத்தாலும் 8தான். காலியிடம் வாலுக்குப் போகும், அவ்வளவே. அரேயில் அடுத்த ரெக்கார்டும் சரியான முகவரியில் தொடங்க வேண்டுமல்லவா? பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூல் இங்கேதான் காலை வாரும். நடுப் பேடிங்கைத் தானே சேர்க்கும், வால் பேடிங்கைச் சேர்க்காது. இரண்டாவது வரிசைக்கு 5 என்றே காட்டும். வடிவக் குறியீட்டின் கடைசியில் எண்ணிக்கை பூஜ்யமாக ஓர் இன்ட் போடுங்கள், 8 ஆகிவிடும்.

3. பேடிங்கே வேண்டாமென்றால் கம்பைலருக்குப் பேக் 1 என்ற குறிப்பு. ஆனால் இரு பக்கமும் போடுங்கள்.

4. வகையின் பெயரை நம்பாதீர்கள். சி-யின் லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. சி ஷார்ப்பின் லாங் எங்கும் 8. பழைய விபி 6-இல் இன்டிஜர் 2 பைட்தான். சி-யின் இன்ட்டுக்கு அங்கே லாங். சி பக்கம் பிட் எண்ணிக்கை பெயரிலேயே உள்ள வகைகளை எழுதினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

5. பூல் சின்னது, தொல்லை பெரியது. சி-யில் வழக்கமாக 1 பைட். சி ஷார்ப் அதைச் சி நூலகத்துக்கு அனுப்பும்போது, நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், 4 பைட்டாக்கிவிடும்.

6. ரஸ்ட் உறுப்புகளின் வரிசையையே மாற்றக்கூடும். சி வடிவம் வேண்டுமென்று ரெப்ர் குறிப்பில் சொல்லுங்கள். ஃபோர்ட்ரானில் இதற்கு 2003 தரம் முதல் பைண்ட் சி உண்டு.

7. சோதனைக்கு ஒவ்வொரு உறுப்பிலும் 1, 2, 3 என்று இட்டு அனுப்புங்கள். 1 என்பது 16777216 ஆக வந்தால் பைட் வரிசை தலைகீழ். இன்டெல் இயந்திரத்தில் எழுதியதை ஜாவாவின் பைட்பஃபரில் அப்படியே படித்தால் இதுதான் கிடைக்கும். வரிசையை லிட்டில் எண்டியன் என்று மாற்றுங்கள்.

8. பாயின்டரைக் கோப்பில் எழுதாதீர்கள். அந்த முகவரி அந்த ஓட்டத்தோடு சரி.