சூரிய சக்தி பம்புசெட்டும் கிணற்றுக் கணக்கும்



சோழவந்தான் என்றதும் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் நினைவுக்கு வரும். இவ்வூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வைகைப் பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டிப் பகுதியின் இருபோக நிலங்களுக்கு உயிராகும். ஆயினும் 71 அடி கொள்ளளவு மட்டமுள்ள வைகை அணை எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. கால்வாயில் நீர் நின்றால், கதிர் வாங்கும் நெல்லையும் ஈரம் காயக்கூடாத கொடிக்காலையும் கிணறுதான் காக்க வேண்டும்.

2019-இல் தொடங்கிய குசும் திட்டத்திற்குப் பின் சூரிய சக்தி பம்புசெட்டுகள் பெருகியுள்ளன. மின்சாரத்திற்காக இரவில் காத்திருக்க வேண்டியதில்லை. டீசல் செலவும் இல்லை. ஆனால் பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருப்பதை எடுத்துத் தருகிறது. வெயில் இலவசம் என்று நாள் முழுதும் இறைத்தால், சித்திரையில் உங்கள் கிணற்றோடு அடுத்தவர் கிணறும் வற்றும்.

பிற மாநிலங்கள் காட்டும் வழி

இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அனந்தப்பூர் உள்ளிட்ட 7 ஆந்திர மாவட்டங்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர் கூடிக் கணக்கிட்டு, பயிரை முடிவு செய்தனர். குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 6 உழவர்கள் சூரிய சக்தி பாசனக் கூட்டுறவு அமைத்து, பாசனத்திற்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் விற்றனர். இறைக்காத நேரமும் அவர்களுக்கு வருவாயாயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மழை: மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். 10 மி.மீ. மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் நீராகும்.

2. கிணறு: அமாவாசை, பௌர்ணமி நாள்களில், காலையில் பம்பு ஓட்டுமுன், கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளக்கவும்.

3. பம்பு: நல்ல வெயிலில் 200 லிட்டர் பீப்பாய் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 25 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 28,800 லிட்டர். ஏக்கருக்கு 5 செ.மீ. நீர் கட்ட 7 மணி நேரம் ஆகும். காலை, மாலை வெயிலில் நீர் குறைவாக வருமாதலால், ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

4. நெல் வயல்: 30 செ.மீ. நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பாதிக்குமேல் மண்ணில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடவும். குழாயினுள் நீர் மண்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரம் நீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரு வாரங்களிலும், பூக்கும் பருவத்திலும் வயலில் நீர் நிற்க வேண்டும்.

ஊர்க் கணக்கு

ஒருவர் மட்டும் அளந்தால் பயன் குறைவு. பத்துக் கிணறுகளின் மட்டத்தையும் மழை அளவையும் மந்தைச் சாவடிச் சுவரில் எல்லோரும் காண எழுதி வையுங்கள். கார்த்திகை முடிவில், இதே நாளில் சென்ற ஆண்டு இருந்த மட்டத்தோடு ஒப்பிடுங்கள். மட்டம் தாழ்ந்திருந்தால், அடுத்து நெல்லா, உளுந்தா என்று கூடிப் பேசுங்கள். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை, உளுந்துக்கு 300 மி.மீ. போதும். மிச்சமாகும் நீர் கொடிக்காலைக் கோடையிலும் காக்கும்.

முதல் ஆண்டில் கணக்கு பெரிதாக ஒன்றும் சொல்லாது. மூன்றாண்டு எழுதி வந்தால், எவ்வளவு மழைக்குக் கிணறு எவ்வளவு ஏறும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பம்புசெட் வாங்க விரும்புவோர் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுமுன், கிணற்றின் ஊற்றுத் திறனை அறிந்து, அதற்கேற்ற குதிரைத் திறனைக் கேட்டுப் பெறுவது நலம்.

வரும் அமாவாசையன்றே ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு இப்பணியைத் தொடங்குவீர்களாக!