தவறிய தவணையும் தண்டப்பணமும்

பல் வைத்தியரிடம் எடுத்த தவணைக்குச் செல்லாதவரிடம் அறவிடப்படும் கட்டணம் குறித்துக் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வழங்கும் நம்பிக்கைகளிற் பல முழுப் பொய்கள் அல்ல. ஓரிடத்துக்குரிய விதியை வேறோரிடத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பதனால் பிழையாகிப் போனவை.

அரச வைத்தியசாலையில் குறித்த நாளில் வராவிட்டால் தண்டம் கட்ட நேரும் என்ற அச்சம் அவற்றுள் ஒன்று. 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1954இல் இடம்பெயர்ந்து வந்து சேர்ந்ததும், 1998இல் ஜப்பானிய உதவியுடன் புதிய கட்டடத்தைப் பெற்றதுமான பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் ஏனைய அரச பல் சிகிச்சை நிலையங்களும் இலவச சுகாதார சேவையின் பகுதிகளாதலால், வராமைக்கான தண்டம் என்பது அங்கே எழுவதில்லை. ஆயினும் இழப்பே இல்லை என்று கொள்வதும் தவறு. பல்லுக்குக் கம்பி போடுதல் போன்ற, காத்திருப்போர் மிகுந்த சிகிச்சைகளில் தவறிய நாளுக்குப் பதில் நாள் கிடைக்கப் பல வாரங்கள் செல்லலாம் என்பதோடு, போதனா வைத்தியசாலையில் அந்த நோயாளரை நம்பியிருந்த மாணவரின் பயிற்சியும் தடைப்படுகிறது.

தனியார் துறையில் நிலைமை வேறு. இலங்கையில் ‘சனல் பண்ணுதல்’ எனப்படும் முறை, அதாவது கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி ஓர் இலக்கத்தைப் பெற்றுக்கொண்டு நிபுணரைச் சந்திக்கும் ஏற்பாடு, தண்டம் என்ற கேள்வியையே தலைகீழாக்கிவிடுகிறது. பணம் ஏற்கெனவே மறுபக்கம் சென்றுவிட்டமையால், வராதவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அவர் கேட்டாலும் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பதில்லை. இதுவும் நோயாளரின் பார்வையில் தவறிய தவணைக்கான கட்டணமே. ஆனால் இதனை வைத்தியரின் நட்டத்துக்கான ஈடு என்று நியாயப்படுத்துவது கடினம். பதினான்காம் இலக்கத்தவர் வராவிட்டால் பதினைந்தாம் இலக்கத்தவர் உள்ளே செல்கிறார். கதிரை ஒரு நிமிடமும் வெறுமையாக இருப்பதில்லை.

இதிலிருந்து, பல் வைத்தியருக்கு நட்டமே இல்லை, கட்டணம் கேட்பது வெறும் பேராசை என்ற எதிர் நம்பிக்கை பிறக்கிறது. அதுவும் சரியன்று. வேர் சிகிச்சை, அதாவது பல்லின் உள்ளேயுள்ள நோயுற்ற திசுவை அகற்றி வேர்க் குழாய்களைத் துப்புரவாக்கி அடைக்கும் சிகிச்சை, ஒருவருக்கென ஒரு மணி நேரம் வரை ஒதுக்கிச் செய்யப்படுவது. அந்நேரத்துக்கான உபகரணங்கள் கிருமி நீக்கம் செய்யப்பட்டு, உதவியாளரும் அமர்த்தப்பட்டிருக்க, வேறு எவருக்கும் அந்த வேளை கொடுக்கப்பட்டிராது. பல்லின் அச்சை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் செய்வித்த உறை வேறொருவர் வாய்க்குப் பொருந்தாதாகையால், அதன் செலவும் வைத்தியரின் தலையில் விழுகிறது. ஆகவே இலக்க முறையில் பணத்தை வைத்துக்கொள்வதற்கும், ஒதுக்கிய நேரத்துக்குக் கட்டணம் கேட்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரிது. இரண்டாவதற்கே நியாயம் கூடுதல். பாதியில் விட்ட வேர் சிகிச்சையின் தற்காலிக அடைப்பு நாளடைவில் கசிந்து மீண்டும் தொற்று ஏற்படக்கூடும், அது கட்டணத்தைவிடப் பெரிய செலவாக நோயாளரிடமே வந்து சேரும்.

‘லண்டனில் பல் வைத்தியர் இப்படிக் கேட்கவே முடியாது’ என்று வெளிநாட்டு உறவினரை மேற்கோள் காட்டிச் சொல்லப்படுவது பாதி உண்மை. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையின் கீழ் சிகிச்சை பெறுவோரிடம் தவறிய தவணைக்கு 2006 ஏப்ரல் முதல் கட்டணம் அறவிட முடியாது. அதே ஊரில் தனியார் நோயாளரிடம் அறவிடலாம்.

இலங்கைச் சட்டம் பற்றிய குழப்பங்கள் இவற்றிலும் கூடுதலானவை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், பெயரைக் கேட்போர் எண்ணுவது போல எல்லா அநீதியான நிபந்தனைகளையும் ஒழிப்பதன்று. பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளும் வாசகங்களையே அது பெரிதும் கட்டுப்படுத்துவதால், ‘வைத்தியர் வராவிட்டாலும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வாசகத்துக்கே அது கூடுதலாகப் பொருந்தும். (வைத்தியர் வராத நாளில் நோயாளருக்கு யார் ஈடு செய்வது என்பதைக் கட்டண அறிவித்தல்கள் அவ்வளவு பெரிய எழுத்தில் சொல்வதில்லை.) தவறிய தவணைக்கான கட்டணம் பற்றித் தவணை எடுக்கும்போதே அறிவிக்கப்பட்டதா என்பதே பிணக்கின் மையம், பின்னர் திடீரெனப் பற்றுச்சீட்டில் சேர்க்கப்பட்ட தொகைக்கு ஒப்புதல் இருந்ததாகக் காட்டுவது எளிதன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். இலங்கை மருத்துவ சபையோ தொழில்சார் துர்நடத்தையை விசாரிக்கும் அமைப்பேயன்றிக் கட்டணப் பிணக்குகளைத் தீர்க்கும் இடமன்று. கட்டாத தொகை ‘கிரிப்’பில், அதாவது கடன் தகவல் பணியகத்தில் பதிவாகி வங்கிக் கடனைத் தடுக்கும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை, அப்பணியகம் வங்கி, நிதி நிறுவனம் முதலிய கடன் கொடுப்போரின் பதிவுகளையே திரட்டுகிறது.

தண்டம் போட்டால் எல்லோரும் ஒழுங்காக வருவர் என்பதே மிகவும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. இஸ்ரேலின் ஹைபா நகரில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களை ஆராய்ந்து யூரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தபின் தாமதம் குறையாமல் கூடியது. குற்றவுணர்வைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றானதே காரணமெனக் கருதப்பட்டது. இலங்கையிலேயே 1971இல் வெளிநோயாளருக்கு விதிக்கப்பட்ட 25 சதம் என்ற சிறு கட்டணம், 1977இல் நீக்கப்படும் வரை, வறியவர்களை வைத்தியசாலையிலிருந்து விலக்கும் தடையாகவே விமர்சிக்கப்பட்டது. கைபேசியில் அனுப்பும் நினைவூட்டற் செய்திகள் வருகையைக் கூட்டுகின்றன என்பதோ பல ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு மீளாய்வில் உறுதிப்பட்டது. கலஹா, தெல்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் பேர் போடாவிட்டால் அந்நாட் சம்பளத்தை இழக்கும் தொழிலாளர்க்கும், பெரஹெர நாட்களில் கண்டி நகர வீதிகள் மூடப்படுவதால் வழியில் சிக்கிக்கொள்வோருக்கும் வராமையின் காரணம் அசட்டையன்று. முதல் நாள் தமிழில் வரும் ஒரு செய்தியும், தொலைபேசியில் நாளை மாற்றிக்கொள்ளும் வழியும் இவர்களிடம் தண்டத்தைவிடக் கூடுதலாகப் பயன்படும்.