வெங்காயம் அவரையைக் கெடுக்குமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அடுத்தடுத்த பாத்திகளில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் சின்ன வெங்காயம், அதை ஒட்டிக் குத்து அவரை. காய் பிடிக்கிற நேரத்தில் நான்கு தக்காளிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு சாய்ந்துவிட்டன. ஆகாத செடிகளைப் பக்கத்தில் வைத்ததுதான் காரணம், வெங்காயம் இருந்தால் அவரையும் உருப்படாது என்கிறார் நாத்தனார். செல்போனில் ஒரு பட்டியலும் அனுப்பினார். பயந்துபோய் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?
– க.வி., துறையூர்

பதில்: அழிக்க வேண்டாம் அம்மா. சாய்ந்த நான்கு செடிகளை மட்டும் அப்புறப்படுத்தினால் போதும். அவரை வேரில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நோயாக இருக்காது. அந்தச் செடிக்குச் சோறு போடும் இடமாகத்தான் இருக்கும்.

இன்னோர் அவரையை வேர் அறாமல் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் நெருடிப் பாருங்கள். சுலபமாக உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேர்முண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் (பயறு வகைச் செடிகளின் வேரில் குடியிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) அதற்குள் இருக்கிறது. உதிராமல் வேரே வீங்கியதுபோல் இருந்தால் மட்டும் நூற்புழு (மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) என்று சந்தேகப்படலாம்.

அடுத்து தக்காளி. இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே துவண்டது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாடல் நோய் என்றுதான் தோன்றுகிறது. ஊகத்தில் விட வேண்டாம். இனி ஒரு செடி துவளும்போது, காய்வதற்கு முன்பே, அடித்தண்டை நறுக்கி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல்போல் பால் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் (தண்டின் நீர்க்குழாய்களைப் பாக்டீரியா அடைத்துவிடும் நோய்). இதற்கு மருந்தடித்துச் செடியைக் காப்பாற்ற முடியாது. கடையில் ஏதாவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாத்தனார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் காட்டிய இடம் வேறு. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றையொன்று இவை கெடுப்பதில்லை. ஒன்றுக்கு வரும் வாடல், நூற்புழு, வெள்ளை ஈ மற்றவற்றுக்கும் எளிதில் வரும், அவ்வளவுதான். உங்கள் பாத்திகள் அடுத்தடுத்து இருப்பதால், தக்காளி வேரைத் தொட்ட தண்ணீர் கத்தரிக்கும் ஓடும். நோய் பரவ அந்தத் தண்ணீரும் மண் ஒட்டிய மண்வெட்டியுமே போதும்.

வெங்காயம் அவரைக்கு ஆகாது என்பதற்கு நம்பகமான வயல் சான்று கிடையாது. இத்தகைய 'நட்பு, பகை' பட்டியல்கள் பலவற்றின் வேர் மேல்நாட்டில், ஹெலன் ஃபில்பிரிக்கும் ரிச்சர்ட் கிரெக்கும் 1966இல் வெளியிட்ட துணைப்பயிர் நூலில் இருக்கிறது. (காந்தியுடன் தங்கி, அகிம்சையைப் பற்றி எழுதிய அதே கிரெக்தான்!) அதற்கும் முன்பே சிலர், செடிச் சாற்றைத் தாமிர உப்புக் கரைசலில் உறையவைத்து, அந்தப் படிகத்தின் கோலத்தைப் பார்த்து எந்தச் செடிக்கு எது பொருந்தும் என்று சொல்லிவந்தார்கள். அது ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம். நம் கரிசல் விவசாயிகளோ மிளகாய்க்குள் வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் ஊடுபயிராகப் போடுகிறார்கள். காரணம் எளிது: வெங்காயத்தின் வேர் மேலாக ஓடும், இரண்டு மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும், மிளகாய் படர்வதற்குள் இடத்தைக் காலி செய்துவிடும். உங்கள் தோட்டத்தில் யாராவது நஷ்டப்பட்டால் அது வெங்காயமாகத்தான் இருக்கும். அவரையின் நிழல் விழுந்தால் காய் சிறுத்துப்போகும். அடுத்த முறை வெங்காயத்துக்கு வெயில் விழும் பக்கத்தைக் கொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சாய்ந்த செடிகளை வேர்மண்ணோடு தோண்டி, காயவைத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடக் கூடாது. அந்தப் பாத்திக்குத் தண்ணீரைக் கடைசியாகக் கட்டுங்கள், மீதித் தண்ணீர் வேறு பாத்திக்கு வழியாமல் கரை போடுங்கள். மண்வெட்டியைக் கழுவிவிட்டே அடுத்த பாத்தியில் இறங்குங்கள். வரும் பட்டத்தில் அந்த இடத்தில் மக்காச்சோளம், வெங்காயம், அவரை போன்றவற்றை மாற்றிப் போடலாம். தக்காளிக் குடும்பம் அங்கே இரண்டு மூன்று பட்டம் வேண்டாம். அவரை காய்த்து முடிந்தபின் செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்துவிடுங்கள். அது சேர்த்த தழைச்சத்து உயிரோடு நிற்கும்போது பக்கத்துச் செடிக்கு அதிகம் போகாது. வேர் மட்கும்போதுதான் மண்ணுக்குக் கிடைக்கும்.

நூற்புழு என்று உறுதியானால், துலுக்கச் சாமந்தியை (செண்டுமல்லி) அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளருங்கள். அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் உண்டு. மூலைக்கு ஒன்றாக அழகுக்கு வைத்தால் பலன் இராது. காய்ப்புழுவுக்கும் இதே பூ பொறியாக உதவும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி, 40 நாள் சாமந்தி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும் என்பது பரிந்துரை. தக்காளி பூக்கும்போது சாமந்தியும் பூத்திருந்தால் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும். உங்களைப் போன்ற சிறு இடத்துக்கு ஓரமாக ஒரு வரிசை போதும். அந்தப் பூக்களைக் கிள்ளி விரித்து, உள்ளே இருக்கும் புழுக்களைப் பொறுக்கி அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை நேரே தக்காளிக்கு வந்துவிடும்.