சாரல் மேல் பழி போடாதீர்கள்

ஆனி, ஆடியில் குற்றாலம் சீசன் களைகட்டியதும் தென்காசி ஆன்லைன் சென்டர்களில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "சாரல் அடிக்குல்லா அண்ணாச்சி, அதான் லைன் விட்டு விட்டு வருது." கைரேகைக் கருவி பாதியில் படுத்துவிடும், பிரிண்டர் பேசாது, வெப்கேமில் படம் உறையும். பழி சாரல் மேல் விழும். குற்றவாளியோ பெரும்பாலும் மேசைக்கடியில் சுருண்டு கிடக்கும் யுஎஸ்பி ஒயர்தான்.

நம்பிக்கை 1: சாரல் அடித்தால் யுஎஸ்பி இணைப்பு விட்டுப்போகும்.
உண்மை: இங்கே தரவு போவது செம்புக் கம்பிக்குள். வெளியே பெய்யும் மழை அதைத் தொடாது. கெடுப்பது முனையில் தங்கும் ஈரம். ஜன்னலோரம் கிடக்கும் கேபிளின் முனையில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் நாளடைவில் களிம்பேறிக் காண்டாக்ட் போய்விடும். ஐந்தருவியில் நனைந்த போனையும் உடனே சார்ஜில் போடாதீர்கள். அரிசிப் பானையும் வேண்டாம். அரிசித் துகள் கெடுதல் செய்யலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. துளை கீழே பார்க்கும்படி மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள்.

நம்பிக்கை 2: கேபிள் எவ்வளவு நீளம் இருந்தாலும் ஒன்றுதான்.
உண்மை: யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். அதற்குள்ளும் கம்பி மெலிந்தால் வம்புதான். 28 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் 2 ஓம். கருவி அரை ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். 5 வோல்ட் கிளம்பி 4 வோல்ட் வந்து சேரும். வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். கருவி அணைந்து அணைந்து எழுவது இதனால்தான். குட்டையான, தடித்த கேபிளோ, தனி மின்சாரம் உள்ள ஹப்போ போதும்.

நம்பிக்கை 3: சார்ஜ் ஏறுகிறது, ஆகவே கேபிள் நல்லது.
உண்மை: வழக்கமான யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. சார்ஜுக்கு மட்டுமே செய்யப்படும் மலிவுக் கேபிள்களில் பின்னிரண்டும் இருக்காது. நல்ல கேபிளிலும் அவை மட்டும் அறுந்திருக்கலாம்.

நம்பிக்கை 4: தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் படமும் ஒலியும் மெருகேறும்.
உண்மை: தங்கம் களிம்பேறாது. ஈரக்காற்று வீசும் ஊரில் அது நல்ல குணம். அதற்கு மேல் மாயம் ஒன்றும் இல்லை. பென் டிரைவுக்கும் பிரிண்டருக்கும் போகும் தரவில் பிழை நேர்ந்தால் கணினி மறுபடி அனுப்பும். வெப்கேம், மைக் போன்றவற்றில் மறுபடி அனுப்ப நேரமில்லை. அதனால்தான் ஒலி கரகரக்கிறது, படம் வெட்டுகிறது.

நம்பிக்கை 5: ஒயர்லெஸ் மவுஸ் துள்ளினால் பேட்டரி தீர்ந்துவிட்டது.
உண்மை: பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். பெரும்பாலான ஒயர்லெஸ் மவுஸ்களும் வைஃபையும் புழங்குவது அதே அலைவரிசையில். இன்டெல் நிறுவனம் 2012லேயே இதை அளந்து வெளியிட்டது. மவுஸின் ரிசீவரைச் சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, ஹார்ட் டிஸ்கை விட்டுத் தள்ளி வைத்தால் துள்ளல் அடங்கும்.

பழுதைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் துளை, பிறகு கேபிள், கடைசியில் கணினி. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் வேலை நடக்கும், காரணம் மட்டும் தெரியாது. கெட்டதென்று உறுதியான கேபிளை டிராயரில் திரும்பப் போடாமல் முனையை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த சாரலுக்கு அதுதான் மறுபடி கையில் வரும்.