காலன்கோழியும் கூகைக்கோழியும்

அஞ்சுகிராமம்,
தை மாதம்

அன்புள்ள மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. “காலன்கோழி கூவினா துட்டி விழும்னு ஆச்சி சொல்லுதா. பள்ளிக்கூடத்துல அது மூடநம்பிக்கைன்னு சொல்லுதாவ. யாரு சொல்லுதது சரி?” இரண்டு கட்சியும் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

முதலில் ஆளை மாற்றிக்கொள்ளாதே. கோயில் மாடத்திலிருந்து கிறீச்சிடும் வெள்ளைமுகப் பறவை வேறு. காலன்கோழிக்குப் பறவை நூல்களில் பொரிப்புள்ளி ஆந்தை என்று பேர். 1839-இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அறிவியல் பெயர் வைத்தார். காது போல நிற்கும் இறகுக் கொம்பு இதற்குக் கிடையாது. முகத்தில், குளத்தில் கல் விழுந்தது போல வட்டத்துக்குள் வட்டம், நடுவே கருங்கண். சேவலும் பெட்டையும் மாறிமாறிக் குரல் கொடுக்கும். நடுங்கிக்கொண்டே ஏறி, தழைந்து இறங்கும் அந்தக் குரல் மலையாளத்தில் ‘போவா, போவா’ என்று கேட்கும் என்பார்கள். 1956 வரை நம் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததல்லவா, நமக்கும் அப்படித்தான் கேட்கிறது.

இனி என் கட்சி. புறநானூற்றில் 364-ஆம் பாட்டைப் பாடியவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இடுகாட்டில், முதிய மரத்துப் பொத்திலிருந்து திடீரென்று ஒலிக்கும் பறவைக்கு அவர் ‘கூகைக்கோழி’ என்றார். அந்தக் கூகைக்கோழிதான் நம் காலன்கோழி என்கிறேன். இன்றைய நூல்கள் கூகை என்ற பெயரைத் தூக்கி அந்த வெள்ளைமுகப் பறவைக்குக் கொடுத்துவிட்டன. கிறீச்சிடுகிற பறவைக்குக் ‘கூ’ என்று தொடங்கும் பெயர் எப்படி வரும்? கோழி என்ற ஒட்டும் சும்மா வந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டிப் பார்: பெட்டையை ‘அளகு’ என்று சொல்லும் உரிமையைக் கோழிக்கும் கூகைக்கும்தான் ஒன்றாகத் தருகிறது; மயிலுக்கு அடுத்த நூற்பாவில்தான் தருகிறது. இரண்டையும் ஓர் இணையாகக் கண்ட காதுகள் அவை. நீங்கள் இலக்கணத்தை மதிப்பெண்ணுக்குப் படிக்கிறீர்கள். அதில் பறவை கத்துவது உங்கள் காதில் விழுவதே இல்லை.

நற்றிணை 83-ஐயும் படி. ஊர்வாசலில், நீர்த்துறையை அடுத்து, கடவுள் உறையும் முதுமரம். அதில் ஒரு கூகை. நெய்ச்சோறும் இறைச்சியும் சுட்ட எலியும் தருகிறோம், தலைவன் வருகிற இராத்திரியில் கத்தாதே என்று தோழி கெஞ்சுகிறாள். எலி என்று சரியாகச் சொன்னாள் பார்! காலன்கோழி தன் பொத்துக்கு அடியில் கக்கிப்போட்ட உருண்டை ஒன்றை ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். சாம்பல்நிற மயிர்க்கற்றைக்குள் சின்னத் தாடை எலும்பு, அதில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வெட்டுப்பல். எலியேதான்.

இரண்டு பாட்டிலும் மரம் கிழமரம் என்பதைக் கவனித்தாயா? இந்த ஆந்தை கூடு கட்டாது. முட்டையிட அதற்குப் பெரிய பொத்து வேண்டும். பொத்து விழ மரத்துக்கு வயதாக வேண்டும். விளைகளில் யார் மரத்தைக் கிழமாக விடுகிறார்கள்? மாடன் கோயில் புளியையும் சுடுகாட்டு ஆலையும் மட்டும்தான் பயந்து விட்டுவைத்தோம். ஆகவே சத்தம் சுடுகாட்டுப் பக்கமிருந்து வருகிறது. அதைக் கேட்கிறவர்களும் நோயாளிக்குத் துணையாக விழித்திருப்பவர்கள். மற்ற வீடுகள் தூங்குகின்றன. உன் ஆச்சி கேட்ட குரல் உண்மை, வந்த திசையும் உண்மை. காரணத்தில்தான் பிசகு. இப்போது பயம் போய்விட்டது, கூடவே மரமும் போகிறது. இது என் நெஞ்சை அறுக்கிறது, மக்கா.

காதை நம்பு. இலங்கையில் தீபால் வரக்காகொட 1995-இல் இருட்டில் ஒரு புதுக் குரல் கேட்டார். 2001 ஜனவரியில்தான் அந்தப் பறவையைக் கண்டார். 2004-இல் அது புதிய ஆந்தை இனமாக அறிவிக்கப்பட்டது. ஆறு வருஷம் வெறும் குரலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்!

நீ இப்போது செய்ய வேண்டியது: இது அளகு முட்டையில் இருக்கும் காலம், பொத்துக்குள் டார்ச் அடிக்காதே. குரல் கேட்ட மணியை மட்டும் நோட்டில் எழுது. அப்புறம் ஆச்சியிடம் உட்கார். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எந்தெந்த மரத்திலிருந்து கூவியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போய், அதில் எது நிற்கிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் வாத்தியார்