பான்டத்தில் முதலில் சீலைப் பாருங்கள்

டெல்லியில் புல்லட் பார்க்கும் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. பிஎஸ்ஏ பான்டம் டி1 வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் அலைய வேண்டும். 123 சிசி, மூன்று கியர், சுமார் நாலரை குதிரைத்திறன். சின்ன வண்டிதான், ஆனால் அதன் குணமே தனி.

பூர்வீகம் ஜெர்மனி. டிகேடபிள்யூ ஆர்டி125 வண்டியின் வரைபடங்கள் போர் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போயின. அங்குள்ள பிஎஸ்ஏ கம்பெனி அந்த வடிவத்தை இடம் வலமாகத் திருப்பி, 1948இல் பான்டமாகக் கொண்டுவந்தது. அதனால் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ரிங் ரோட்டில் இறங்குமுன் காலி மைதானம் ஒன்றில் பழகிக்கொள்வது நல்லது. அளவுகளும் இன்ச்சுக்கு மாறிவிட்டன. கால் இன்ச் விட்வொர்த் ஸ்பானரின் வாய் 13.3 மில்லிமீட்டர். நம் 13 நுழையாது, 14 வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். பட்டறைக்குப் போகும்போது விட்வொர்த் செட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்ஜின் டூ-ஸ்ட்ரோக், வால்வே கிடையாது. பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் அறைக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அழுத்தம் தாங்காமல் பக்கத் துவாரங்கள் வழியே மேலே ஏறுகிறது. அதாவது கிராங்க் அறைதான் இங்கே பம்பு. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல் காய்ந்து இறுகினால் அந்தப் பம்பு கெட்டது. வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். மே மாத வெயிலில் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனாலோ ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். இரண்டுக்கும் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார்கள். கரோல் பாகில் ராஜ்தூத் வேலை பார்த்தே தலை நரைத்த ஒரு மிஸ்திரிதான் எனக்குச் சொன்னார்: “ஜெட்டை அப்புறம் பார்க்கலாம் பேட்டா, முதலில் சீலைப் பார்.” பக்கத்து ஃபரிதாபாதில் தயாரான ராஜ்தூதும் டூ-ஸ்ட்ரோக்தானே! காற்று சீல் வழியாகப் புகாமல் வேறு வழியில் புகுகிறதா என்று அறிய, கார்புரேட்டர் இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சத்தம் மாறினால் காற்று புகுவது அங்கேதான்.

ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது. அந்தக் காலக் கணக்கு 20க்கு 1, லிட்டருக்கு 50 மில்லி. ஆக்சிலரேட்டரை மூடினால் ஆயிலும் நின்றுவிடும். ஆகவே பாராபுல்லா மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கியரில் சும்மா உருளவிடாதீர்கள், கிளட்சைப் பிடியுங்கள். சைலன்சரில் கரி அடைத்தாலும் வண்டி இழுக்காது, அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும்.

மேக்னெட்டோ ஃபிளைவீலிலேயே இருப்பதால் பேட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது. ஆனால் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், இரவுப் பயணத்தைத் தவிர்க்கிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆர்சியைப் பார்க்கவும். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் உண்டு. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆபீஸ் போய்வர வண்டி தேடுகிறவர்கள் பான்டம் பக்கமே வர வேண்டாம்.